‘புரிஞ்சுதா?’ என்று கேட்பதை நிறுத்துவோம்

(அரசு மருத்துவமனைச் செவிலியர்களுக்கான பணியிடைப் பயிற்சி வகுப்பில் மூத்த செவிலியர் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்களுக்கும், செவிலியர் கண்காணிப்பாளர் அவர்களுக்கும், நைட் டூட்டி முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற சகோதரிகளுக்கும் சகோதரர்களுக்கும் என் வணக்கம். உங்களில் யாருக்காவது தூக்கம் வந்தால் தாராளமாகக் கண்ணை மூடிக்கொள்ளலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இன்றைக்குப் பேச வந்தது ஒரே ஒரு விஷயம். நோயாளிக்கு மருந்தைப் பற்றி எப்படி எடுத்துச் சொல்வது? ‘இதிலே என்னம்மா இருக்கு, தினமும் சொல்லிக்கிட்டுத்தானே இருக்கோம்’ என்று நீங்கள் நினைக்கலாம். உண்மைதான், நாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். அவர்கள் காதில் போய்ச் சேருகிறதா என்பதுதான் கேள்வி.

ஒரு டிஸ்சார்ஜ் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். காலை பத்தரை மணி. ரவுண்ட்ஸ் முடிந்துவிட்டது. இன்றைக்கு எட்டுப் பேர் வீட்டுக்குப் போகிறார்கள். அந்தப் பக்கம் புது அட்மிஷன் ஸ்ட்ரெச்சரில் காத்திருக்கிறது. நோயாளியின் மகன் மருந்து கொடுக்கும் இடத்தில் வரிசையில் நின்று ஆறு அட்டை வாங்கி வந்துவிட்டார். வாசலில் ஆட்டோ நிற்கிறது. நாம் அட்டையை ஒவ்வொன்றாக எடுத்து, “இது காலையில ஒண்ணு. இது காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு. இது சாப்பாட்டுக்கு முன்னாடி. இது ராத்திரி மட்டும். விடாம போடணும், புரிஞ்சுதா?” என்கிறோம். அவரும் “சரிங்க சிஸ்டர்” என்கிறார். கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம்.

அந்த நேரத்தில் நோயாளியின் மனம் எங்கே இருக்கிறது? பத்து நாளாகப் பூட்டிக் கிடக்கும் வீட்டில் இருக்கிறது. பக்கத்து வீட்டில் விட்டு வந்த ஆட்டின் மேல் இருக்கிறது. பதினொன்றரை பஸ்ஸைப் பிடிக்க முடியுமா என்பதில் இருக்கிறது. நாம் சொன்னது காதில் விழும், மனதில் தங்காது. அது அவர் குற்றமும் இல்லை, நம் குற்றமும் இல்லை. நாம் தேர்ந்தெடுத்த நேரம் தப்பு.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். வார்டில் பத்து நாளும் மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து அவர் உள்ளங்கையில் வைத்தது நாம். அவர் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அந்த மாத்திரையின் அட்டை எந்த நிறம், எத்தனை மாத்திரை, எதற்கு, எதுவும் அவருக்குத் தெரியாது. பத்து நாள் நாமே செய்த வேலையைப் பதினோராம் நாள் காலையில் ஐந்து நிமிடத்தில் அவர் தலையில் ஏற்றி அனுப்புகிறோம்.

இதனால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். சர்க்கரை நோய் உள்ள ஒரு வயதான அம்மா. வேறொரு மருத்துவமனையில் காலில் புண்ணுக்கு வைத்தியம் பார்த்து வீட்டுக்குப் போனவர். ஒரு வாரத்திற்குள் நினைவில்லாமல் கொண்டுவந்தார்கள். சர்க்கரை அதலபாதாளத்தில் இருந்தது. குளுக்கோஸ் ஏற்றி, நினைவு திரும்பியது. மருமகள் ஒரு பையைக் கொண்டுவந்து கொட்டினார். அதில் தனியார் டாக்டர் எழுதிக் கொடுத்து வாங்கிய கிளிமிபிரைடு இருந்தது, ஒரு கம்பெனிப் பெயரில். மருத்துவமனையில் கொடுத்த கிளிமிபிரைடும் இருந்தது, மூலப் பெயரில். அந்த அம்மா இரண்டையும் காலையில் தவறாமல் போட்டிருக்கிறார். ‘இது அந்த டாக்டர் குடுத்தது, இது பெரியாஸ்பத்திரியில குடுத்தது.’ அவர் பார்வையில் இரண்டும் வேறு வேறு மருந்து. அவர் அலட்சியமாக இருந்ததால் மயங்கி விழவில்லை. எல்லோரும் சொன்னதை ஒழுங்காகக் கேட்டதால் மயங்கி விழுந்தார். “வீட்டில் வேற என்ன மாத்திரை இருக்கு?” என்ற ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்டிருக்கவில்லை.

நம் மாநிலத்தில் இது அடிக்கடி நடக்கக்கூடிய ஒன்று. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கப்பட்டது. அதன் மூலம் அரசு மருத்துவமனைகளுக்கு வரும் மருந்துகள் மூலப் பெயரில் வருகின்றன. இதனால் ஏழைகளுக்கு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது, அது பெரிய விஷயம். வெளியில் கடையில் அதே மருந்து பத்துப் பெயரில் விற்கிறது. அரசு மருத்துவமனைக்கும் தனியார் கிளினிக்குக்கும் மாறி மாறிப் போகிற நம் மக்களுக்கு, இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லக்கூடிய ஆள் நாம்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ‘தீங்கில்லாத மருந்து’ என்ற பொருளில் ஓர் உலகளாவிய முயற்சியைத் தொடங்கியது. அதில் மூன்று இடங்களை முக்கியமாகக் குறிப்பிட்டார்கள்: ஆபத்து அதிகமுள்ள மருந்துகளும் சூழ்நிலைகளும், ஒரே ஆள் பல மருந்துகள் எடுத்துக்கொள்வது, நோயாளி ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறும் நேரம். வார்டிலிருந்து வீட்டுக்குப் போவது அந்த மூன்றாவது வகை. ஆறு அட்டையோடு வீட்டுக்குப் போகிற, இன்சுலின் போடுகிற ஒரு முதியவரிடம் மூன்று ஆபத்தும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன.

‘நாம சொன்னதைத் திருப்பிச் சொல்றாங்களே, அப்புறம் என்ன?’ என்று கேட்கலாம். அமெரிக்காவில் மூன்று மருத்துவ நிலையங்களில் 395 நோயாளிகளிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. ‘இரண்டு மாத்திரை, தினமும் இரண்டு வேளை’ என்று எழுதிய லேபிளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். எழுத்தறிவு குறைந்தவர்களில் 100-க்கு சுமார் 71 பேர் அதைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். ‘சரி, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரைன்னு எண்ணிக் காட்டுங்க’ என்று கேட்டபோது, சரியாக நான்கை எண்ணிக் காட்டியவர்கள் சுமார் 35 பேர்தான். வாயால் சொல்வது வேறு, கையால் செய்வது வேறு. நம் வார்டிலும் இதே கதைதான்.

சரி, என்ன செய்யலாம்? ஆறு விஷயம் சொல்கிறேன். புதிதாக எந்தப் பதிவேடும் எழுத வேண்டாம், பயப்படாதீர்கள்.

முதலாவது, மஞ்சப்பை. அட்மிஷன் ஆன அன்றைக்கோ மறுநாளோ கூட இருப்பவரிடம், “வீட்டுல இருக்கிற எல்லா மாத்திரையையும் ஒரு மஞ்சப்பையில போட்டு எடுத்துட்டு வாங்க” என்று சொல்லுங்கள். எல்லா மாத்திரையும் என்றால் எல்லாமும். மருந்துக் கடையில் சொல்லி வாங்கிய முட்டிவலி மாத்திரை, பக்கத்து வீட்டம்மா கொடுத்த கேஸ் மாத்திரை, சித்த மருத்துவச் சூரணம், வீடு தேடி வந்து கொடுத்த பிரஷர் மாத்திரை, எல்லாம். பை வந்ததும் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கட்டிலின் மேல் வைத்துவிடுங்கள். எது தொடர வேண்டும், எது கூடாது என்று டாக்டர் முடிவு செய்வார். கிட்னி பாதித்த நோயாளியின் பையில் வலி மாத்திரை கிடைத்தால், அந்த ஒரு கண்டுபிடிப்பு ஒரு வாரச் சிகிச்சைக்குச் சமம்.

இரண்டாவது, டிஸ்சார்ஜ் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். ஒவ்வொரு முறை மருந்து கொடுக்கும்போதும் ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள். “பாட்டி, இது பிரஷர் மாத்திரை. காலையில ஒண்ணு.” அவ்வளவுதான். அதற்குமேல் வேண்டாம். மறுநாள் அதையே கேள்வியாக்குங்கள். “பாட்டி, இது எதுக்கு?” தெரியவில்லை என்றால் திரும்பச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் பாட்டியே, “ஏம்மா, இன்னிக்குப் பிரஷர் மாத்திரை குடுக்கலையே?” என்று உங்களைக் கேட்பார். அப்படிக் கேட்கிற பாட்டி வீட்டுக்குப் போனால் பிழைத்துக்கொள்வார். கடைசி இரண்டு நாள் அட்டையை அவர் கையிலேயே கொடுத்து, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க அவரே பிரித்துப் போடட்டும். விரல் நடுங்குகிறதா, கண் தெரியவில்லையா, அட்டை மாறுகிறதா, எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது, எல்லாவற்றையும் சொல்லாதீர்கள். இது கேட்க விநோதமாக இருக்கும். நமக்குத் தெரிந்த அத்தனையையும் சொல்லிவிட்டால் நம் பொறுப்பு முடிந்தது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. பத்து விஷயம் சொன்னால் பத்தும் போய்விடும். மூன்று சொல்லுங்கள்: இது எதுக்கு? எப்போ, எத்தனை? என்ன ஆனா உடனே வரணும்? ஒவ்வொரு மருந்துக்கும் இந்த மூன்று போதும். மற்றதை அவர்கள் கேட்டால் சொல்லலாம்.

நான்காவது, வேளை. நாம் 1-0-1 என்று எழுதுகிறோம். பி.டி., டி.டி.எஸ்., எச்.எஸ். என்று பேசுகிறோம். மக்களுக்கு வேளை என்றால் சாப்பாடு. நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா காலையில் டீ மட்டும் குடித்துவிட்டுப் போய், பத்தரை மணிக்குத்தான் தூக்குச் சட்டியைத் திறப்பார். விசைத்தறியில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவருக்குக் காலை ஏழு மணிதான் ராத்திரி. இவர்களிடம் ‘காலையில சாப்பாட்டுக்கு முன்னாடி’ என்று சொன்னால், ஆறு மணிக்குச் சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டுப் பத்தரை வரை வெயிலில் நிற்பார்கள். அதனால் முதலில் கேளுங்கள்: “காலையில எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?” அதற்குப் பிறகு சொல்லுங்கள்: “சாப்பாடு தட்டுல வச்சப்புறம் இந்த மாத்திரையைப் போட்டுட்டு உடனே சாப்பிடணும். சாப்பிடலைன்னா இதைப் போடக்கூடாது.” செவ்வாய், வெள்ளி விரதம் இருப்பவர்களா, ரம்ஜான் நோன்பு வைப்பவர்களா என்றும் கேளுங்கள். ‘விரதம் இருக்காதீங்க’ என்று சொல்வது சுலபம், அவர்கள் கேட்க மாட்டார்கள். விரத நாளில் மாத்திரையை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக் கொடுப்பதுதான் உதவி.

நீர் பிரியும் மாத்திரையும் அப்படித்தான். ராத்திரி போட்டால் தூக்கம் போகும், இருட்டில் பாத்ரூமுக்கு எழுந்து போய் விழுவார்கள். பஸ்ஸில் வெளியூர் போகிற நாளில் வழியில் எங்கே இறங்குவது என்று பயந்து அதை விட்டுவிடுவார்கள், பெண்கள் முக்கியமாக. அப்படிப் பல நாள் விட்டுவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு வருவார்கள். “கல்யாணம் காட்சிக்குப் போற நாள்ல இந்த மாத்திரையை என்ன செய்வீங்க?” என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும்.

ஐந்தாவதுதான் இந்த உரையின் தலைப்பு. ‘புரிஞ்சுதா?’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு நம் ஊரில் ஒரே பதில்தான்: “புரிஞ்சுது சிஸ்டர்.” புரியவில்லை என்று சொன்னால் நமக்கு மரியாதை குறைந்துவிடும், சிஸ்டர் திட்டுவார், பக்கத்துக் கட்டில்காரர் சிரிப்பார். படிக்காதவர் மட்டுமல்ல, படித்தவரும் இப்படித்தான் தலையாட்டுவார். அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: “நான் அவசரமா சொல்லிட்டேன், சரியா சொன்னேனான்னு பார்த்துக்கிறேன். வீட்டுக்குப் போனதும் உங்க பொண்ணு கேட்டா, இந்த மாத்திரையை எப்படிப் போடணும்னு சொல்வீங்க?” இங்கே பரீட்சை அவருக்கு இல்லை, நமக்கு. அவர் தப்பாகச் சொன்னால், “நான்தான் சரியா சொல்லலை போல, இன்னொரு தடவை பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டு வேறு மாதிரி விளக்குங்கள். அதே வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்வது விளக்கம் ஆகாது.

சில மருந்துகளுக்கு வாயால் சொல்ல வைப்பது போதாது, செய்துகாட்ட வைக்க வேண்டும். நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், வீசிங்குக்குக் கொடுக்கும் ரோட்டாகேப்பைத் தண்ணீர் விட்டு விழுங்கிவிடுவார்கள். பார்க்க கேப்சூல் மாதிரி இருக்கிறது, யாராக இருந்தாலும் விழுங்கத்தான் செய்வார்கள். கருவியில் போட்டு உங்கள் முன்னால் ஒரு முறை இழுத்துக் காட்டட்டும். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை நின்றபடி போட்டால் பிரஷர் இறங்கி விழக்கூடும், உட்கார்ந்துகொண்டு வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் வலி குறையவில்லையென்றால் 108.

இன்சுலின். குப்பியில் வருவது பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் 100 யூனிட் இருக்கும். ஊசி தீர்ந்துவிட்டது என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 25 யூனிட். மருந்துக் கடையில் எந்த சிரிஞ்ச் கிடைக்கிறதோ அதை வாங்கிவிடுவார்கள். அதனால் காலியான பழைய சிரிஞ்சையே மாதிரிக்குக் காட்டி, “இதே சிவப்பு மூடி” என்று சொல்லி அனுப்புங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீடு எத்தனையோ. பானைக்குள் சின்னப் பானை வைத்து, இடையில் ஈரமணல் போட்டு வைக்கச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜ் இருக்கும் வீட்டில் ஐஸ் உறையும் தட்டில் மட்டும் வைக்கக்கூடாது.

குழந்தைகள் வார்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. பாராசிட்டமால் சொட்டு மருந்து ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். சிரப் ஐந்து மில்லியில் 125 அல்லது 250. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து, போன தடவை சிரப் கொடுத்த அளவிலேயே சொட்டு மருந்தை ஐந்து மில்லி கொடுத்தால் 500 மில்லிகிராம் போய்விடும். பாட்டிலை எடுத்து, அளவு மூடியில் எந்தக் கோடு வரை என்று பேனாவால் கோடு போட்டுக் கொடுங்கள். வீட்டுக் கரண்டி வேண்டாம். உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டை ஒரு டம்ளரில் பாதிப் பாதியாகக் கலக்கிறார்கள். பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரே தடவையாகக் கலக்க வேண்டும். “உங்க வீட்டுல ஒரு லிட்டர் எதுல அளப்பீங்க?” என்று கேட்டால், தண்ணீர் பாட்டிலைக் காட்டுவார்கள். அப்படியே ஆகட்டும்.

மூட்டு வாதத்திற்கும் சோரியாசிஸுக்கும் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள்தான். தினமும் போட்டு உயிரே போன சம்பவங்கள் உலகம் முழுவதும் பதிவாகியிருக்கின்றன. கிழமையைச் சொல்லி, கிழமையை எழுதி, “வேற எந்தக் கிழமையிலும் தொடக்கூடாது” என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி அனுப்புங்கள்.

ஆறாவது, ஏன் நிறுத்துகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். மாத்திரையை மறந்து விடுபவர்களைவிட, யோசித்து முடிவெடுத்து விடுபவர்கள் பற்றித்தான் எனக்குக் கவலை. ‘சுகர் நார்மல் ஆயிடுச்சு, அப்புறம் எதுக்கு?’ ‘மாத்திரை ஒரே சூடு.’ ‘ரொம்ப நாள் போட்டா கிட்னி போயிடும்னு வாட்ஸ்அப்புல வந்துச்சு.’ இந்தக் கேள்விகளுக்கு நாம் முகம் சுளித்தால், அடுத்த தடவை நம்மிடம் சொல்ல மாட்டார்கள். விடுவது தொடரும், நமக்குத் தெரியாமல் தொடரும். “மாத்திரை போடுறதாலதான் நார்மலா இருக்கு. குடை பிடிச்சிருக்கிறதால நனையாம இருக்கோம், நனையலையேன்னு மழையில குடையை மடக்குவோமா?” என்று சொல்லிப் பாருங்கள். கிட்னியைக் கெடுப்பது பெரும்பாலும் கட்டுக்குள் வராத சர்க்கரையும் பிரஷரும்தான் என்று சொல்லுங்கள்.

பக்கவிளைவை மறைத்தால் பயப்பட மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். காசநோய் மாத்திரையில் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். முன்கூட்டிச் சொன்னால் அது சாதாரணம். சொல்லாவிட்டால் ‘ரத்தம் போகுது’ என்று அன்றே நிறுத்திவிடுவார்கள். இரும்புச்சத்து மாத்திரையில் மலம் கறுப்பாகப் போகும். எனாலாப்ரில் போட்டால் சிலருக்கு வறட்டு இருமல் வரும், அம்லோடிபின் போட்டால் சிலருக்குக் கால் வீங்கும். “இப்படி வந்தா நீங்களா நிறுத்தாதீங்க, இங்கே வந்து காட்டுங்க, டாக்டர் வேற மாத்திரை மாத்திக் குடுப்பாரு” என்று சொன்னால் போதும்.

இன்னொன்று, யாரும் வாய்விட்டுப் பேசாதது. ‘இன்னிக்குக் குடிச்சிருக்காரு, அதனால மாத்திரை குடுக்கலை’ என்று வீட்டுப் பெண்கள் சொல்வார்கள். குடித்த நாளெல்லாம் வலிப்பு மாத்திரையை விட்டால் வலிப்பு வரும். வாரத்தில் நான்கு நாள் குடிப்பவர் நான்கு நாளும் மாத்திரை போடுவதில்லை. இதைத் திட்டித் திருத்த முடியாது. “குடிக்கிற பழக்கம் உண்டா? அன்னிக்கு மாத்திரை போடுவீங்களா?” என்று சாதாரணமாகக் கேளுங்கள். பதிலை டாக்டரிடம் சொல்லுங்கள். எந்த மாத்திரையை அன்றைக்கும் விடக்கூடாது, எது கூடாது என்று அவர் சொல்வதை மனைவியும் கேட்கும்படி எடுத்துச் சொல்லுங்கள்.

யாரிடம் சொல்வது என்பதையும் மறக்கக்கூடாது. டிஸ்சார்ஜ் அன்று கூட்டிப்போக வருகிற மகன் சென்னையிலிருந்து வந்திருப்பார், அன்றிரவே திரும்பிவிடுவார். வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுக்கப்போவது ஏழாவது படிக்கும் பேத்தி. “வீட்டுல யாரு மாத்திரை எடுத்துக் குடுப்பாங்க?” என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். அதற்காக நோயாளியை விட்டுவிட்டு அவர் தலைக்கு மேலேயே மற்றவர்களிடம் பேசாதீர்கள். உடம்பு அவருடையது. முதலில் அவர் முகத்தைப் பார்த்து அவரிடம், பிறகு வீட்டாரிடம். படிக்கத் தெரியாதவருக்கு கவரின் மேல் சூரியனும் நிலாவும் வரைந்து, மாத்திரை எண்ணிக்கைக்குப் புள்ளி வையுங்கள். அட்டையைத் துண்டு துண்டாக வெட்டினால் பெயரும் காலாவதித் தேதியும் போய்விடும். ஒரு கவரில் ஒரே மருந்து. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே வேலை செய்கிறவர்களுக்கும் இதே படம் புரியும். அதோடு அவர்கள் மொழி தெரிந்த மேஸ்திரியையோ கூட வேலை செய்பவரையோ போனில் பிடித்துப் பேச வையுங்கள். அவர் மறைக்க விரும்பும் நோயாக இருந்தால் மட்டும் அவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

உங்களுக்கே தெரியாத கேள்வி வந்தால் ஊகித்துச் சொல்ல வேண்டாம். “கேட்டுட்டு வந்து சொல்றேன்” என்பதில் ஒரு குறைவும் இல்லை. அளவைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது டாக்டர் வேலை. நம் மருந்தாளுநர்களுக்கு நிறைய விஷயம் தெரியும், அவர்களையும் கேளுங்கள்.

இப்போது நீங்கள் எல்லோரும் மனதில் வைத்திருக்கும் கேள்விக்கு வருகிறேன். ‘இதெல்லாம் சரிம்மா, நேரம் எங்கே இருக்கு?’ நியாயமான கேள்வி. ராத்திரி ஒரே ஆள் ஒரு வார்டைப் பார்க்கும்போது, ட்ரிப்பும் மாற்றி, ஊசியும் போட்டு, பதிவேடும் எழுதி, இதற்கு நேரம் வராது. நான் அதை மறுக்கவில்லை. அதனால்தான் மருந்து கொடுக்கும்போதே ஒரு வாக்கியம் என்றேன், அது தனி நேரம் கேட்காது. ஒரே நோய் உள்ள நாலைந்து பேரை மத்தியானம் ஒரு கட்டில் பக்கத்தில் உட்கார வைத்து மொத்தமாகச் சொல்லலாம். இன்சுலின் நன்றாகப் போடத் தெரிந்த ஒரு நோயாளி, புதிதாக வந்தவருக்கு நம்மைவிட நன்றாகச் சொல்லிக் கொடுப்பார். கூட நின்று பார்த்துத் திருத்துவது நம் வேலை.

செவிலியர் மட்டும் மனது வைத்தால் இது நடந்துவிடாது. எனவே மேடையில் இருக்கும் அதிகாரிகளிடம் மரியாதையோடு மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். ஒன்று, நாளைக்கு யார் யார் டிஸ்சார்ஜ் என்பது முதல் நாள் மாலையே வார்டுக்குத் தெரிய வேண்டும். அது தெரிந்தால் பாதி வேலை அன்று மாலையே, வார்டு அமைதியாக இருக்கும் நேரத்தில் முடிந்துவிடும். இரண்டு, டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்துகள் பெரிய எழுத்தில், தமிழில், எதற்கு என்பதோடு இருக்க வேண்டும். எந்த மருந்து புதியது, எது நிறுத்தப்பட்டது என்றும் அதிலேயே இருக்க வேண்டும். மூன்று, வார்டில் ஒரு மூலையில் இரண்டு நாற்காலி. நின்றுகொண்டே சொல்கிறவரிடம் யாரும் சந்தேகம் கேட்க மாட்டார்கள். இந்த மூன்றில் எதற்கும் பெரிய நிதி தேவைப்படாது. ஆள் பற்றாக்குறையைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும்.

தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளர் உரிமைப் பட்டயத்தில் முதலாவதாக இருப்பது தகவல் பெறும் உரிமை. மருந்தைப் பற்றி எடுத்துச் சொல்வது நாம் நேரம் இருந்தால் செய்கிற உபகாரம் இல்லை. அது அவர்களுக்குச் சேர வேண்டியது. சம்பளம் போல, பென்ஷன் போல.

இந்த உரை இதழில் வெளிவரும் என்று சொன்னார்கள். படிக்கும் பொதுமக்களுக்கும் ஒரு வார்த்தை. மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: இது எதுக்கு? எப்போ, எத்தனை? என்ன ஆனா உடனே வரணும்? சிஸ்டர் பிஸியாக இருந்தாலும் கேளுங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள். வீட்டுக்குப் போன பிறகு சந்தேகம் வந்தால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் உங்கள் மஞ்சப்பையைத் திறந்து காட்டுங்கள். பழைய மாத்திரையும் புது மாத்திரையும் ஒன்றாகக் கிடந்தால் அவர் சொல்லுவார்.

சகோதரிகளே, சகோதரர்களே, ஆறு விஷயத்தையும் நாளையிலிருந்தே எல்லா நோயாளிக்கும் செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு டூட்டிக்கு ஒரே ஒரு நோயாளி. அதிக மாத்திரை வாங்குகிறவரையோ, இன்சுலின் புதிதாகத் தொடங்கியவரையோ தேர்ந்தெடுங்கள். அவரிடம் ‘புரிஞ்சுதா?’ என்று கேட்காமல், ‘எப்படிப் போடுவீங்க, காட்டுங்க’ என்று கேளுங்கள். அவர் காட்டுவதைப் பார்த்தால், மறுநாள் இரண்டாவது ஆளிடமும் கேட்க வேண்டும் என்று உங்களுக்கே தோன்றும்.

நைட் டூட்டி முடித்தவர்கள் முதலில் சாப்பிடப் போங்கள்.